ஓடுகிற வீட்டுக்குக் கண் எங்கே?

அமெரிக்காவில் கோடை விடுமுறைக் காலம். ஏரிக்கரையில் ஒரு முகாம் மைதானம். பொழுது சாய்கிற நேரத்தில், பஸ்ஸைப் போன்ற ஒரு பெரிய வண்டி ஆடி அசைந்து வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. வயதான அம்மாள் ஒருவர் இறங்கி வண்டியின் பின்பக்கம் போகிறார். இரண்டு கைகளையும் வீசி, "இடது பக்கம், இடது பக்கம்!" என்று கூவுகிறார். "உன் இடதா, என் இடதா?" என்று முன்னாலிருந்து அவருடைய கணவரின் குரல் வருகிறது. அம்மாளின் பதில் என்ஜின் இரைச்சலில் கரைந்து போகிறது. வண்டி பின்னால் நகர்கிறது, நிற்கிறது, மறுபடியும் முன்னால் போகிறது. பக்கத்து வண்டிக்காரர்கள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, காசில்லாமல் ஒரு நாடகம் பார்க்கிறார்கள்.

அந்நாட்டு முகாம் மைதானங்களில் இது அன்றாடக் காட்சி. சிரிப்புக்கு உரியதுதான். ஆனால் அந்த அம்மாள் இறங்காமலே இருந்திருந்தால்? அந்தச் சமயம் பார்த்து ஒரு சிறுவன் சைக்கிளில் வண்டிக்குப் பின்னால் வந்திருந்தால்? ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அவனைத் தெரிந்திருக்குமா? கண்ணாடிகளை மட்டும் நம்பியிருந்தால் தெரிந்திராது. இங்கேதான் சிரிப்பு நின்று, கவலை தொடங்குகிறது.

நம்மூரில் 'காரவன்' என்றால் படப்பிடிப்பில் சினிமா நட்சத்திரங்கள் இளைப்பாறும் வண்டி என்பது எல்லாருக்கும் தெரியும். அமெரிக்காவில் அது சாதாரணக் குடும்பத்தின் உல்லாச வாகனம். 'ஆர்.வி.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதிலே என்ஜினோடு கூடியது 'மோட்டார் வீடு'. படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். 1910-இல் நியூயார்க் நகரத்து மாடிசன் ஸ்கொயர் கார்டன் கண்காட்சியில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியார் இவ்வகை வண்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். 1956-இல் ஜனாதிபதி ஐஸன்ஹோவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டத்தினால் நாடு முழுவதும் அகன்ற சாலைகள் எழுந்தன. 1960-இல் நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக், லாரியின் மேல் கட்டிய ஒரு சிறு வீட்டில் தம் நாயையும் அழைத்துக்கொண்டு தேசம் சுற்றி வந்து, 1962-இல் அதைப் புத்தகமாக்கினார். 1966-இல் அயோவா மாநிலத்து வின்னிபாகோ கம்பெனி மோட்டார் வீடுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. பணக்காரர் வாங்கிய பண்டம் நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

வண்டி நாளுக்கு நாள் வளர்ந்தது. இன்று பெரிய மோட்டார் வீடு 45 அடி நீளம் வரை இருக்கிறது. அகலம் எட்டரை அடி. உயரம் 12 அடிக்கும் மேல். இவ்வளவு பெரிய உடம்பு வந்த பிறகு அதற்கேற்ற கண் வர வேண்டாமா? அந்தக் கண்ணைக் கேட்டு வாங்க வேண்டிய சட்டம், சின்ன வண்டியிடம் கண்டிப்பும் பெரிய வண்டியிடம் தாராளமும் காட்டுகிறது. இது தலைகீழ் நியாயம்.

சட்டத்தின் விசித்திரம்

2002-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் ஒரு தந்தை தம் வீட்டு வாசலில் மோட்டாரைப் பின்பக்கமாக எடுத்தார். அவருடைய இரண்டு வயது மகன் வண்டிக்குப் பின்னால் வந்துவிட்டான். அவன் உயரத்துக்கு எந்தக் கண்ணாடியிலும் இடமில்லை. குழந்தை இறந்து போயிற்று. அந்தத் தகப்பனார் தம் துக்கத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளவில்லை. அவரும் அவரைப் போல் குழந்தையை இழந்த மற்றப் பெற்றோர்களும் பல ஆண்டுகள் வாதாடியதன் பயனாக, 2008-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. அந்தக் குழந்தையின் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

சட்டம் பிறந்தும் விதி பிறக்கவில்லை. 2011-க்குள் விதிகளை வகுக்க வேண்டும் என்று காங்கிரஸ் சொல்லியிருந்தது. தவணைமேல் தவணை வாங்கி, 2014-இல்தான் சாலைப் பாதுகாப்பு இலாகா இறுதி விதியை வெளியிட்டது. அப்போது இலாகா சொன்ன கணக்கு நெஞ்சை உறுத்தக் கூடியது. பின்னால் நகரும் வாகனங்களில் அகப்பட்டு அந்நாட்டில் சராசரியாக ஆண்டுக்கு 210 பேர் இறக்கிறார்கள். 15,000 பேர் காயமடைகிறார்கள். இறந்தவர்களில் 100-க்கு 31 பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். 26 பேர் 70 வயதைக் கடந்தவர்கள். குனிந்து விளையாடுகிறவர்களும் விரைந்து விலக முடியாதவர்களுமே பாதிக்கு மேல் என்பது இதன் பொருள்.

2018 மே 1-ஆம் தேதி முதல் தயாராகும் ஒவ்வொரு புதுக் காரிலும் பின்பார்வைக் காமிரா இருந்தாக வேண்டும் என்று விதி ஏற்பட்டது. வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள இடம் திரையில் தெரிய வேண்டும். பின்பக்கக் கியர் போட்ட இரண்டு விநாடிக்குள் படம் வந்துவிட வேண்டும். எல்லாம் சரி. ஆனால் இந்த விதி, பாரத்தோடு சேர்த்து 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,500 கிலோ, வரை எடையுள்ள வாகனங்களுக்கு மட்டுமே!

சிறிய வான் வடிவத்து மோட்டார் வீடுகள் பல இந்த எல்லைக்குள் அடங்கும். பெரியவை எல்லாம் எல்லைக்கு வெளியே. நடுத்தரமானவற்றிலும் பெரும்பாலானவை வெளியேதான். 15 அடிக் காருக்குக் காமிரா கட்டாயம். 40 அடி வீட்டுக்கு அது கட்டாயமில்லை! அவ்வளவு பெரிய வண்டியிடம் பின்பார்வைக்காகச் சட்டம் கேட்பது, பக்கத்துக்கு ஒன்றாக, குறைந்தது 50 சதுர அங்குலமுள்ள கண்ணாடி. ஏறத்தாழ ஏழங்குலச் சதுரம். முகச்சவரம் செய்துகொள்ளப் போதும். ஒரு வீட்டைப் பின்னால் நகர்த்தப் போதாது.

"கட்டாயமில்லாவிட்டால் என்ன? புது மோட்டார் வீடுகளில் கம்பெனிக்காரர்களே காமிரா வைத்துத்தானே விற்கிறார்கள்?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் தயவு வேறு, கடமை வேறு. கடமையாக இருந்தால் எவ்வளவு இடம் தெரிய வேண்டும், எத்தனை விநாடியில் தெரிய வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கும். தயவாக இருந்தால், கொடுத்ததைப் பெற்றுக்கொள்ள வேண்டியதுதான். செலவு மிகுமே என்ற வாதமும் நிற்காது. காருக்கு முழுச் சாதனமும் பொருத்த 132 டாலர் முதல் 142 டாலர் வரை ஆகும் என்று இலாகாவே 2014-இல் மதிப்பிட்டது. பெரிய வண்டிக்கு இரண்டு மடங்கே ஆகட்டும், மூன்று மடங்கே ஆகட்டும். லட்சம் டாலரும் அதற்கு மேலும் கொடுத்து நகரும் மாளிகை வாங்குகிறவருக்கு அது ஜன்னல் திரைச்சீலை வாங்கும் காசு.

கண்ணாடி வந்த கதை

பின்னால் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே மோட்டார் உலகுக்குத் தாமதமாக வந்தது. 1909-இல் டாரதி லெவிட் என்ற ஆங்கிலப் பெண்மணி, கார் ஓட்டும் மாதருக்காக எழுதிய புத்தகத்தில், கைக்கண்ணாடி ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அவ்வப்போது அதை உயர்த்திப் பிடித்தால் பின்னால் வருகிறவர்களைப் பார்க்கலாம் என்பது அவர் யோசனை.

1911-இல் இண்டியானாபோலிஸ் நகரில் முதலாவது 500 மைல் பந்தயம் நடந்தது. மற்றக் கார்களில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து, பின்னால் வரும் கார்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். ரே ஹாரூன் என்பவர் மட்டும் தனியாளாக ஓட்டினார். ஆளுக்குப் பதிலாக முன்னால் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார். ஜெயித்தவரும் அவரே! ஆனால் செங்கல் பாவிய பாதையில் கண்ணாடி ஆடிய ஆட்டத்தில் அதில் ஒன்றுமே தெரியவில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

இந்தக் கதையில் ஒரு படிப்பினை இருக்கிறது. கருவி இருப்பது வேறு, பார்வை இருப்பது வேறு. ஒரு மனிதனின் கண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கருவியை வைத்தால், அந்தக் கருவி கண் செய்த வேலையை உண்மையாகவே செய்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

எங்கெங்கே இருள்?

மோட்டார் வீட்டின் பின்பக்கம் பெரும்பாலும் படுக்கையறை. ஆகவே காரில் உள்ளதுபோல் நடுக்கண்ணாடியால் பயனில்லை. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் வண்டியின் விலாவைக் காட்டும், முதுகைக் காட்டா. முதுகுக்குப் பின்னால் ஒரு காரே ஒட்டி வந்தாலும் டிரைவருக்குத் தெரியாது.

பக்கங்களிலும் குறை உண்டு. அமெரிக்க வண்டிகளில் டிரைவர் இடப்பக்கம் உட்காருகிறார். வலப்பக்கம் அவருக்கு எட்டரை அடிக்கு அப்பால் இருக்கிறது. அங்கே ஜன்னலுக்குக் கீழே ஒரு சிறு காரோ மோட்டார் சைக்கிளோ வந்தால் மறைந்து போகும். குழிந்தும் குவிந்தும் இல்லாத சமக்கண்ணாடி, தூரத்தை உள்ளபடி காட்டும். ஆனால் கொஞ்ச இடத்தையே காட்டும். குவிந்த கண்ணாடி நிறைய இடத்தைக் காட்டும். ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கித் தொலைவில் இருப்பதுபோல் ஏமாற்றும். பொருள்கள் தோன்றுவதைவிட அருகில் இருக்கின்றன என்று கார்களின் குவிந்த கண்ணாடியில் எச்சரிக்கை பொறித்திருப்பது இதனால்தான். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும்.

முன்பக்கமாவது தெளிவா? பெரிய கண்ணாடி; ஆனால் இரு ஓரங்களிலும் தடித்த தூண்கள். பார்ப்பதற்காக வைத்த பக்கக் கண்ணாடியே, நாற்சந்தியில் தெருவைக் கடக்கும் ஒருவரை மறைத்துவிடும் வினோதமும் உண்டு. பஸ் வடிவத்து வண்டிகளில் முன்சக்கரம் டிரைவருக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பும்போது பின்கோடி எதிர்ப்புறமாக வீசும். பக்கத்தில் நிற்கும் வண்டியையோ கம்பத்தையோ அது உரசுவதை, முன்னால் பார்த்துத் திரும்புகிறவர் அறியமாட்டார்.

தலைக்கு மேலேயும் ஓர் இருள் உண்டு. வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் என்ற ஊரில் ஒரு ரயில் பாலம், சாலையிலிருந்து 11 அடி 8 அங்குல உயரத்தில் இருந்தது. எச்சரிக்கைப் பலகைகள் இருந்தும், உயரமான வண்டிகள் பல அங்கே கூரையைப் பறிகொடுத்தன. கடைசியில் 2019-இல் பாலத்தையே 8 அங்குலம் உயர்த்த வேண்டியதாயிற்று. தம் வண்டியின் உயரம் எத்தனை அடி என்று தெரியாதவருக்குப் பலகையில் எழுதிய எண் எப்படி உதவும்?

இத்தனைக்கும் நடுவே வேகக் கணக்கு வேறு. மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 88 அடி கடக்கிறது. கண்ணாடியைக் கடைக்கண்ணால் பார்த்துத் திரும்பும் அந்த ஒரு விநாடிக்குள், தன் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் ஓடிவிடுகிறது. ஆகையால் பார்வை தெளிவாக இருந்தால் மட்டும் போதாது; விரைவாகக் கிடைக்கவும் வேண்டும்.

செய்யத் தக்கவை

சட்டம் திருந்துகிற வரையில் ஓட்டுகிறவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கையோடு செய்யக்கூடியவை பல.

புறப்படுமுன் ஆசனத்தில் அமர்ந்து, ஒருவரை வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்து வரச் சொல்ல வேண்டும். அவர் எந்த இடத்தில் மறைகிறார், எங்கே மறுபடி தோன்றுகிறார் என்று கவனித்தால், தம் வண்டியின் குருட்டு இடங்கள் பாடமாகிவிடும். கண்ணாடிகளை அதற்கேற்பத் திருப்பி வைக்கலாம். நாற்சந்தியில் உடம்பை முன்னும் பின்னும் சற்று அசைத்துப் பார்த்தால், தூணுக்குப் பின்னால் நிற்கிறவர் வெளியே வருவார். முன்கண்ணாடிக்குக் கீழே வரைபடமும் தொப்பியும் காப்பிக் கோப்பையும் பரப்பி வைத்தால், அவற்றின் நிழல் கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும். அங்கே மங்கலான கறுப்புத் துணி விரித்தால் கூச்சம் குறையும்.

காமிரா உள்ளவர்கள் அதன் கண்ணைத் துடைக்க மறக்கக் கூடாது. மழையும் சேறும் பட்ட காமிரா, காமிரா இல்லாததைவிட மோசம்; ஏனெனில் அது பொய்த் தைரியம் தருகிறது. பின்னால் சைக்கிள்களை மாட்டி அதை மறைத்துவிடுகிறவர்களும் உண்டு. சிலர் மோட்டார் வீட்டுக்குப் பின்னால் தம் காரையும் கட்டி இழுத்துச் செல்கிறார்கள். நான்கு சக்கரமும் தரையில் உருள இழுபடும் காரோடு பின்னால் நகரக் கூடாது. கழற்றிவிட்டுத்தான் நகர வேண்டும்.

பின்னால் நகரும்போது மணி ஒலிக்கும் கருவியும் கிடைக்கிறது. 'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பது நம் பழமொழி. இந்த யானையோ பின்பக்கமாகவே வருகிறது! மணி நல்லதுதான். ஆனால் காது கேளாத முதியவருக்கும், அதன் அர்த்தம் தெரியாத குழந்தைக்கும் அது பயன்படாது. பார்க்க வேண்டியவன் பொறுப்பைக் கேட்க வேண்டியவன் தலையில் சுமத்துவது முறையன்று.

எல்லாவற்றுக்கும் மேலான சாதனம், அமெரிக்க லாரி டிரைவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஒரு சிறு வாக்கியம்: 'இறங்கிப் பார்.' சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவது. செலவு ஒரு சல்லிக்காசும் இல்லை. பின்னால் நின்று சைகை காட்ட ஆள் இருந்தால், சைகைகளை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சைகை காட்டுகிறவர் கண்ணாடியிலிருந்து மறைந்த அந்தக் கணமே வண்டி நின்றுவிட வேண்டும். இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறக்கூடிய இடங்கள் பல முகாம்களில் உண்டு. அங்கே இடம் பிடித்தால் பின்னால் நகரவே வேண்டாம்.

யாருக்கு உரிமை?

கடைசியாக ஒரு கேள்வி. இவ்வளவு பெரிய வண்டியை ஓட்ட என்ன தகுதி வேண்டும்? கலிபோர்னியா மாநிலத்தில் 40 அடிக்கு மேற்பட்ட மோட்டார் வீட்டை ஓட்டத் தனி வகுப்பு லைசென்ஸ் தேவை. ஆனால் வேறு பல மாநிலங்களில், சின்னக் கார் ஓட்டும் சாதாரண லைசென்ஸே போதும். அதே அளவுள்ள பஸ்ஸைக் கூலிக்கு ஓட்டுகிறவர் தனிப் பரீட்சை கொடுத்தாக வேண்டும். உல்லாசத்துக்கு ஓட்டுகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. சக்கரத்தின் கீழ் அகப்படுகிறவனுக்கு, வண்டி கூலிக்கு ஓடியதா, உல்லாசத்துக்கு ஓடியதா என்பதில் என்ன வித்தியாசம்?

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. ஆயுள் முழுவதும் உழைத்து ஓய்வு பெற்ற முதியவர்கள், கடைசிக் காலத்தில் தேசத்தைச் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். பரீட்சை என்று சொல்லி அவர்களைப் பயமுறுத்தலாமா என்பது அந்த மறுப்பு. அந்த ஆசை மதிக்கத் தக்கது. ஆனால் 40 ஆண்டு கார் ஓட்டிய அனுபவம், 40 அடி வண்டியை நகர்த்தக் கற்றுத் தராது. இரண்டு நாள் பயிற்சியும் ஒரு சிறு பரீட்சையும் அவர்களுடைய சுதந்திரத்தைப் பறித்துவிடாது. அதற்குக் காவலாகவே நிற்கும். ஒரு விபத்தில் பேரக்குழந்தை வயதுள்ள ஒரு ஜீவன் போய்விட்டால், அப்புறம் எந்த ஏரிக்கரையில் அவர்களுக்கு நிம்மதி? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

ஆகவே வேண்டுவன இரண்டு. காமிரா விதியின் எடை எல்லையை உயர்த்தி, எல்லா மோட்டார் வீடுகளையும் அதற்குள் கொண்டுவர வேண்டும். நீளமான வண்டிக்குத் தனிப் பயிற்சியும் பரீட்சையும் எல்லா மாநிலங்களிலும் ஏற்பட வேண்டும். உடம்பு பெருகப் பெருகப் பார்வைக் கடமையும் பெருக வேண்டுமேயன்றி, குறையக் கூடாது.

நம்மூர் லாரிகளில் கிளீனர் என்று ஒரு பையன் இருப்பதுண்டு. லாரி பின்னால் நகரும்போது அவன் இறங்கி ஓடி, வண்டியின் விலாவைத் தட்டி, "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுப்பான். "ஹோல்டான்!" என்று அவன் கத்தினால் டிரைவர் மறு யோசனையின்றிப் பிரேக்கை மிதிப்பார். 1911-இல் ரே ஹாரூன் இறக்கிவிட்ட மெக்கானிக் செய்து வந்ததும் ஏறக்குறைய அந்த வேலைதான். முகாம் மைதானத்தில் கைகளை வீசிக் கூவும் அந்த அம்மாள் செய்வதும் அதையே. அவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த வண்டிக்கு அப்போதைக்கு இருக்கும் ஒரே பின்கண் அவர்தான்.

மோட்டார் வீட்டில் ஜன்னல்களுக்குக் குறைவில்லை. மலையைப் பார்க்க ஒன்று, ஏரியைப் பார்க்க ஒன்று, படுத்தபடியே நட்சத்திரம் பார்க்கக் கூரையில் ஒன்று. பின்னால் நிற்கும் குழந்தையைப் பார்க்கவும் ஒன்று இருக்கட்டும்.